மணநாளுக்கு நந்தி மலை போகலாம்!
தங்கவயலுக்குப் பக்கத்திலேயே ஒரு திராட்சை நாடு

கோலார் தங்கவயலில் பழைய லைன் வீடுகளுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது சுவரில் தொங்கும் கல்யாணப் படம்தான். மாப்பிள்ளை கோட்டுப் போட்டு விறைப்பாக நிற்பார். மணப்பெண் தலையைக் குனிந்திருப்பாள். அந்தப் படத்தில் உள்ளவர்களிடம், "உங்களுக்குக் கல்யாணம் ஆன தேதி என்ன?" என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. "தை மாசம், நல்ல பனி" என்பார்கள். "பெரியவன் பிறப்பதற்கு முந்தின வருஷம்" என்பார்கள். வேலைக்குச் சேர்ந்த தேதி நினைவிருக்கும். சுரங்கம் மூடிய தேதியும் நினைவிருக்கும். அது 2001 பிப்ரவரி 28. ஆனால் மணநாள் மட்டும் மறந்து போயிருக்கும்.

பிள்ளைகள் காலம் அப்படி இல்லை. பெங்களூரில் கம்பெனியிலும் கடையிலும் அலுவலகத்திலும் வேலை பார்க்கும் மகனோ மகளோ தேதியைத் தேடிப் பிடித்து, "அப்பா, அம்மாவுக்கு இந்த வருஷம் மணநாள் கொண்டாட வேண்டும்" என்று கிளம்புகிறார்கள். கேக் வெட்டுவதோடு நிற்காமல் எங்கேயாவது வெளியே அழைத்துப் போக வேண்டும் என்றும் ஆசைப்படுகிறார்கள். ஊட்டி தூரம். கோவாவுக்குப் பணம் போதாது. அப்போது யாராவது ஒருவர் சொல்கிறார்: "நந்தி மலைப் பக்கம் திராட்சைத் தோட்டம் இருக்கிறதே, ஒயின் செய்யும் இடத்தைக் கூடச் சுற்றிக் காட்டுகிறார்களாமே!"

உடனே வீட்டில் ஒரு குரல் எழும்பும். அது பெரும்பாலும் அம்மாவின் குரலாக இருக்கும். "கல்யாண நாளும் அதுவுமா, குடிக்கிற இடத்துக்கா கூட்டிட்டுப் போறீங்க?"

நியாயமான கேள்விதான். பதில் சொல்வதற்கு முன், அந்தத் திராட்சை நாடு எங்கே இருக்கிறது, அங்கே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

பிரிந்து போன பக்கத்து ஊர்

நந்தி மலை தங்கவயலுக்கு அன்னிய ஊர் அல்ல. 2007-ம் ஆண்டு வரை இரண்டும் ஒரே கோலார் மாவட்டத்தில் இருந்தவை. அந்த ஆண்டில்தான் சிக்பள்ளாப்பூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது. நந்தி மலையும் அதனுடன் போயிற்று. தங்கவயலில் இருந்து கோலார், சிந்தாமணி வழியாகச் சென்றால் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். தினமும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் இரவு வீடு திரும்புகிறவர்களுக்கு இந்தத் தூரம் புதிதல்ல.

இன்னொரு உறவும் உண்டு. அதுதான் பாலாறு. நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் பாலாறு கோலார் மாவட்டத்தின் வழியாக வந்து பேத்தமங்கலம் ஏரியை நிரப்புகிறது. தங்கவயலின் லைன் வீடுகளுக்குக் குழாயில் வந்த தண்ணீர் அந்தப் பேத்தமங்கலத்துத் தண்ணீர்தான். அங்கிருந்து ஆறு ஆந்திராவைத் தொட்டுக் கொண்டு தமிழ்நாட்டில் நுழைந்து வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று ஓடுகிறது. மொத்தம் 348 கிலோமீட்டரில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில்.

சுரங்க வேலைக்காகத் தங்கவயலுக்கு வந்த தமிழர்களில் பெரும்பகுதியினர் அந்தப் பழைய வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். தாத்தாவின் சொந்த ஊரில் மணலாகக் கிடப்பதும், பேரனின் ஊரில் குடிநீராக வந்ததும் ஒரே ஆறு. அந்த ஆறு பிறக்கும் இடத்தை மட்டும் பலர் பார்த்ததில்லை. மணநாளுக்குப் போக இது ஒன்றே போதுமான காரணம்!

மலையடியில் கல்யாண மண்டபம்

மணநாளுக்குப் போகிறவர்கள் முதலில் போக வேண்டிய இடம் மலையுச்சி அல்ல. மலையடியில் நந்தி கிராமத்தில் உள்ள போக நந்தீசுவரர் கோயில். இது ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட கோயில். 9-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இருந்ததற்குச் சான்று உண்டு. நுளம்பர், கங்கர், சோழர், ஒய்சளர், விஜயநகர மன்னர் என்று பலரும் இதற்குத் திருப்பணி செய்திருக்கிறார்கள். சோழர் கை பட்ட கோயில் என்பதால் தமிழர்களுக்கு இங்கே ஒரு தனிப் பெருமை. ராஜேந்திர சோழனுடையது என்று சொல்லப்படும் சிலை ஒன்றும் இங்கே இருக்கிறது.

ஒரு பக்கம் அருணாசலேசுவரர் சன்னதி. மறுபக்கம் போக நந்தீசுவரர் சன்னதி. இரண்டுக்கும் நடுவில் சிறியதாக உமா மகேசுவரர் சன்னதி. அதன் முன்னே கறுங்கல்லில் இழைத்த கல்யாண மண்டபம். தூண்களில் கொடியும் கிளியும் தெய்வத் திருமண உருவங்களும் உள்ளன. புதிதாக மணமானவர்கள் வந்து வணங்கிச் செல்லும் இடம் இது.

இந்தக் கோயிலைப் பற்றி ஊரார் சொல்லும் விளக்கம் அழகானது. அருணாசலேசுவரர் இறைவனின் இளம்பருவம். போக நந்தீசுவரர் இல்லற வாழ்வு. மலை மேல் தனியாக இருக்கும் யோக நந்தீசுவரர் துறவு. ஆகவே கீழே திருவிழாவும் கொண்டாட்டமும் உண்டு. மேலே அமைதி மட்டுமே. இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் குடும்பம் நடத்தியவர்களுக்கு இந்தப் பொருள் எவரும் விளக்காமலே விளங்கும்.

மலையின் உயரம் 1,478 மீட்டர். உச்சி அருகே வரை வாகனச் சாலை இருக்கிறது. சுரங்கத்தில் பல ஆண்டு தூசியைச் சுவாசித்து நெஞ்சு இளைத்தவர்கள் படிகளில் ஏறிப் பார்க்க வேண்டாம். காலைப் பனியும் குளிரும் அவர்களுக்கு ஆகாது. வெயில் வந்த பிறகு போகலாம்.

பந்தலும் கொடியும்

சிந்தாமணி, சிட்லகட்டா தாண்டியதுமே நிலத்தின் முகம் மாறுகிறது. மல்பெரித் தோட்டம், பூந்தோட்டம், அவற்றுக்கு நடுவே கல் தூண் நட்டுக் கம்பி கட்டிய திராட்சைப் பந்தல். கம்பம் பள்ளத்தாக்கைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். ஆனால் பழம் வேறு. கம்பத்துப் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இங்கே விளையும் "பெங்களூர் நீலம்" அதற்குப் பத்து ஆண்டு முன்னதாக, 2013-லேயே, அந்தப் பெருமையைப் பெற்றுவிட்டது.

கறுநீல நிறம், தடித்த தோல், கொட்டை, மூக்கைத் துளைக்கும் வாசனை - இதுதான் பெங்களூர் நீலம். தங்கவயல் சந்தையில் கூறு கட்டி விற்கும் அந்தப் பழம்தான். ஆண்டுக்கு இரண்டு மகசூல் தரும். பழச்சாறு, ஜாம் ஆகியவற்றுக்கு இதுவே உயிர். தங்கவயல் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் கிறிஸ்துமசுக்கு முன்னால் பீங்கான் ஜாடியில் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து ஊற வைக்கும் வீட்டு ஒயினுக்கு ஏற்றதும் இந்தப் பழமே.

ஆனால் வெளிநாட்டுப் பாணி ஒயினுக்கு வேறு இனத் திராட்சை வேண்டும். அந்த இனம் இந்த மண்ணில் வருமா என்று சோதித்துப் பார்த்தவர் கன்வல் குரோவர் என்ற தொழிலதிபர். பிரான்சில் ஷாம்பெயின் பகுதியைச் சேர்ந்த ஜார்ஜ் வெசல் என்ற நிபுணரின் துணையோடு நாட்டின் பல இடங்களில் மண்ணையும் தட்பவெப்பத்தையும் ஆராய்ந்து, கடைசியில் நந்தி மலைச் சாரலில் தொட்டபள்ளாப்பூர் அருகே இடம் தேர்ந்தெடுத்தார். 1988-ல் கம்பெனி உருவாயிற்று. 1992-ல் முதல் ஒயின் வெளிவந்தது. 2012-ல் இன்னொரு நிறுவனத்துடன் இணைந்து இப்போது "குரோவர் சம்பா" என்ற பெயரில் நடக்கிறது. சுற்றிப் பார்க்க வருவோரை அனுமதிக்கும் தோட்டம் இதுதான்.

கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். பகலில் வெயில், இரவில் குளிர்ச்சி, நீர் தேங்காத செம்மண். இந்த மூன்றும் சேர்ந்ததால்தான் இங்கே இந்தக் கொடி பிழைத்தது. ஐரோப்பாவில் பனிக்காலம் வந்தால் திராட்சைக் கொடி இலை உதிர்த்துத் தூங்கிவிடும். நம் நாட்டில் அதற்குத் தூக்கமே கிடையாது. ஆகவே ஆண்டுக்கு இரண்டு தடவை கத்தரிக்கிறார்கள். அறுவடை முடிந்ததும் ஏப்ரலை ஒட்டி ஒரு தடவை. மழை ஓயும் செப்டம்பர், அக்டோபரில் மறு தடவை. அறுவடை மட்டும் ஒரே தடவை. பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில்.

தை, மாசியில் கல்யாணம் ஆனவர்கள் அதிர்ஷ்டசாலிகள். அவர்களுடைய மணநாளில் கொடியில் குலை குலையாகப் பழம் தொங்கும். ஆவணியில் தாலி கட்டியவர்கள் பச்சை இலையைப் பார்த்துத் திருப்திப்பட வேண்டியதுதான்!

கர்நாடக அரசு 2007-ல் திராட்சை, ஒயின் தொழிலுக்கென்று தனிக் கொள்கை வகுத்து, வாரியம் ஒன்றையும் அமைத்தது. நந்திப் பள்ளத்தாக்கு அந்தக் கொள்கையில் இடம் பெற்ற பகுதிகளில் ஒன்று.

பசுமையைப் பார்த்து இங்கே தண்ணீருக்குப் பஞ்சமில்லை என்று எண்ணிவிடக் கூடாது. கோலார், சிக்பள்ளாப்பூர் மாவட்டங்களில் ஆயிரம் அடிக்கு மேல் துளை போட்டும் வெறும் புழுதி வந்த கிணறுகள் ஏராளம். பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்து 2018 முதல் கோலார் மாவட்ட ஏரிகளில் விடத் தொடங்கியது அந்தப் பஞ்சத்தால்தான். தங்கத்துக்காக மூன்று கிலோமீட்டர் ஆழம் தோண்டிய மாவட்டத்தில், தண்ணீருக்காகத் தோண்டுவதும் அதே போல முடிவில்லாமல் போய்க் கொண்டிருக்கிறது.

சுரங்கத் தொழிலாளியின் கண்ணில்

ஒயின் ஆலையைப் பார்க்கப் போகும் தங்கவயல்காரருக்கு அங்கே பல விஷயங்கள் தெரிந்த விஷயமாகவே இருக்கும். சுரங்கத்தில் பாறை மேலே வந்தது, மில்லில் பொடியானது, வேண்டியது பிரிந்தது, வேண்டாதது மேட்டில் சேர்ந்தது. இங்கேயும் அதே முறைதான். பழம் வந்து சேர்கிறது. காம்பு நீக்கி நசுக்குகிறார்கள். தோல், கொட்டை, சாறு என்று பிரிகிறது. ஒரு டன் பாறைக்குச் சில கிராம் தங்கம் என்பது அங்கே கணக்கு. ஒரு பாட்டிலுக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான பழம் என்பது இங்கே கணக்கு.

பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. கறுப்புத் திராட்சையானாலும் பெரும்பாலான இனங்களில் சாறு வெளுப்பாகத்தான் இருக்கும். சிவப்பு நிறம் தோலில் இருக்கிறது. தோலோடு சேர்த்துப் புளிக்க வைத்தால் சிவப்பு ஒயின். சாற்றை முதலில் பிழிந்து தனியே புளிக்க வைத்தால் வெள்ளை ஒயின். பெரிய எஃகுத் தொட்டிகளில் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் பழச் சர்க்கரையைத் தின்று மதுச்சாரமாக மாற்றுகிறது. சூடு ஏறினால் வாசனை போய்விடும். எனவே தொட்டியைக் குளிரூட்டிக் கொண்டே இருக்கிறார்கள்.

சில வகைகளை ஓக் மரப் பீப்பாயில் மாதக்கணக்கில் வைத்துப் பதப்படுத்துகிறார்கள். பீப்பாய் அறை மங்கிய வெளிச்சமும் குளிர்ச்சியுமாக இருக்கும். சாம்பியன் ரீப் சுரங்கத்தின் அடிமட்டத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசைத் தாண்டும். அந்த வெக்கையில் உழைத்தவர்களுக்கு, நிழலும் குளிருமாக இருக்கும் இந்த அறை வேடிக்கையாகவே தோன்றும்.

பழரசம் அல்ல, மது!

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருவோம்.

தங்கவயலில் மது என்பது பல குடும்பங்களை உருக்குலைத்த பொருள். சம்பள நாளன்று வீட்டுக்கு வர வேண்டிய பணம் வழியிலேயே கரைந்து போனதைக் கண்ணால் கண்ட பெண்கள் அவர்கள். கர்நாடகத்தில் 2007 ஜூலை 1 முதல் சாராய விற்பனை நிறுத்தப்பட்டது. அதனால் குடி நின்றுவிடவில்லை. பாட்டிலின் பெயர்தான் மாறியது. "ஒயின்ஸ்" என்று பெயர்ப்பலகை மாட்டிய கடையில் ஒயின் வாங்குகிறவர் எத்தனை பேர்? விற்பனையாவதெல்லாம் பிராந்தியும் விஸ்கியும்தானே! ஆகவே "ஒயின்" என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு பெண் முகம் சுளித்தால், அவளைப் பட்டிக்காடு என்று சொல்வதற்கு யாருக்கும் உரிமை இல்லை.

"ஒயின் என்பது வெறும் பழரசம், உடம்புக்கு நல்லது" என்று சமாதானம் சொல்வதும் சரியல்ல. ஒயினில் மதுச்சாரம் பொதுவாக நூற்றுக்கு 12 முதல் 14 பங்கு. 750 மில்லி பாட்டிலில், 13 பங்கு என்று வைத்துக் கொண்டால், ஏறத்தாழ 97 மில்லி மதுச்சாரம் இருக்கிறது. கடையில் விற்கும் 180 மில்லி விஸ்கிக் குவார்ட்டரில் இருப்பது 77 மில்லி. அதாவது ஒரு முழு பாட்டில் ஒயினைக் குடித்தவர் ஒரு குவார்ட்டரை விட அதிகமாகவே குடித்திருக்கிறார்! சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

அதே சமயம், கல்யாணத்துக்கும் திராட்சை ரசத்துக்கும் உள்ள தொடர்பு இன்று நேற்று ஏற்பட்டதல்ல என்பதும் உண்மை. இயேசுநாதர் செய்த முதல் அற்புதம், கானா ஊர்க் கல்யாணத்தில் தண்ணீரைத் திராட்சை ரசமாக மாற்றியதுதான் என்று தங்கவயல் தேவாலயங்களில் பிரசங்கம் கேட்டவர்கள் அறிவார்கள். மறுபுறம், மதுவிலக்கையே தம் கொள்கைகளில் ஒன்றாகக் கொண்ட காந்தியடிகள் 1927-ல் உடல்நலம் தேறுவதற்காகத் தங்கியிருந்ததும் இதே நந்தி மலையில்தான். 1936-லும் வந்து தங்கினார். திராட்சைத் தோட்டமும் காந்தியடிகள் ஓய்வெடுத்த மலையும் அக்கம்பக்கமாகவே இருக்கின்றன. எந்தப் பக்கம் போவது என்பதைப் போகிறவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

தோட்டத்தைச் சுற்றிப் பார்ப்பவர்களுக்கு நாலைந்து வகை ஒயினைச் சிறிதளவு ஊற்றிக் கொடுப்பது வழக்கம். கோப்பையைச் சுழற்றி, முகர்ந்து, ஒரு வாய் வைத்துப் பார்ப்பதுதான் முறை. ருசி பார்த்துத் துப்பிவிடுவதற்குத் தனிப் பாத்திரம் வைப்பதும் உலகம் முழுவதும் உள்ள பழக்கம். அதில் அவமரியாதை எதுவும் இல்லை. வேண்டாம் என்று சொல்வதும் அவமரியாதை இல்லை. கொடியைப் பார்த்துவிட்டு, ஆலையைப் பார்த்துவிட்டு, ஒரு சொட்டும் தொடாமல் திரும்பி வரலாம்.

போகும் வழி

பங்காரப்பேட்டையில் இருந்து கோலார், சீனிவாசபுரம், சிந்தாமணி, சிட்லகட்டா, சிக்பள்ளாப்பூர், நந்தி, தேவனஹள்ளி வழியாக எலகங்காவுக்கு ரயில் பாதை இருக்கிறது. பழைய குறுகிய பாதை இது. கோலார்-சிக்பள்ளாப்பூர் பகுதி 2013-ல் அகலப் பாதையாகத் திறக்கப்பட்டது. ரயில்கள் குறைவு என்பதால் நேரம் விசாரித்துக் கொண்டு கிளம்புவது நல்லது. சிக்பள்ளாப்பூர் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து நந்தி கிராமத்துக்கு வேறு பஸ் பிடிக்கலாம்.

நாலைந்து பேராகச் சேர்ந்தால் வாடகைக் கார் கட்டுப்படியாகும். அப்போது கார் ஓட்டுகிறவர் கோப்பையைத் தொடக் கூடாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மதுச்சாரம் இருந்தால் சட்டப்படி குற்றம். மகன் ஓட்டினாலும் மருமகன் ஓட்டினாலும் சட்டம் ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை நந்தி மலையில் பெங்களூர்க் கூட்டம் அலைமோதும். வார நாளில் போவது உத்தமம். தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க முன்பதிவும் கட்டணமும் உண்டு. சாப்பாட்டோடு சேர்த்தால் கட்டணம் கூடும். போன் செய்து கேட்டுக் கொண்டு போனால் வாசலில் நின்று கணக்குப் பார்க்கும் சங்கடம் இருக்காது. அவ்வளவு செலவு வேண்டாம் என்றால், கோயிலையும் மலையையும் பார்த்துவிட்டு வரும் வழியில் இரண்டு கிலோ திராட்சை வாங்கிக் கொண்டு திரும்பினாலும் மணநாள் மணநாள்தான்.

யாருக்காக இந்த நாள்?

தங்கவயல் தம்பதிகளில் பலருக்குச் சேர்ந்தாற்போல ஒரு முழுப் பகல் கிடைத்ததே அபூர்வம். சுரங்கம் நடந்த காலத்தில் கணவர் முதல் ஷிப்டு போனால் விடியற்காலையே வீடு காலி. இரவு ஷிப்டு போனால் பகலெல்லாம் தூக்கம். சங்கு ஊதினால் அடுப்பு எரிய வேண்டும். சங்கு ஊதாத நேரத்தில் ஊதினால் நெஞ்சு பதற வேண்டும். பாறை வெடிப்பில் கணவனை இழந்தவர்களும், தூசி தின்ற நுரையீரலோடு போராடிய கணவனுக்குப் பணிவிடை செய்தே காலம் கழித்தவர்களும் லைனுக்கு லைன் இருந்தார்கள். அந்த ஊரில் இருவருமாகச் சேர்ந்து இருபத்தைந்தாவது மணநாளைக் காண்பதே பெரிய பேறாக இருந்தது. 1970-களில் மணம் முடித்தவர்களுக்கு இப்போது ஐம்பதாவது ஆண்டு நடக்கிறது. நாட்டுக்குத் தங்கம் எடுத்துக் கொடுத்தவர்களுக்குப் பொன்விழா!

சுரங்கம் மூடிய பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. சங்குக்குப் பதிலாக ரயில் வந்தது. விடியும் முன் மாரிக்குப்பத்தில் ஏறுகிற மகன் வீடு திரும்பும் போது அவனுடைய பிள்ளைகள் தூங்கியிருக்கும். அப்பாவுக்குக் கிடைக்காத பகல் மகனுக்கும் கிடைக்கவில்லை.

ஆகவே பெற்றோருக்கு மணநாள் கொண்டாட விரும்பும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டிக்கெட் எடுப்பதற்கு முன், அப்பாவின் நண்பர்களைக் கேட்பதற்கு முன், அம்மாவைக் கேளுங்கள். அவர் கோயில் போதும் என்றால் கோயில். பாலாறு பிறக்கும் மலையைப் பார்க்க வேண்டும் என்றால் மலை. "அந்தத் தோட்டம்தான் எப்படி இருக்கிறது என்று பார்ப்போமே" என்றால் தோட்டம். கோப்பையைத் தொடுவதா வேண்டாமா என்பதும் அன்று அவர் சொல்வதுதான்.

அதே கேள்வியைத் தன் மனைவியிடமும் மகன் கேட்டு வைப்பது நல்லது. லீவுக்கு ஒரு வாரம் முன்னதாகவே எழுதிக் கொடுத்துவிடவும் வேண்டும்.